என் கையொப்பமும் அவன் விரலும்

நான் போடாத கையொப்பம் ஒன்று என் பெயரில் இரண்டு வருடம் நின்றது. அதைப் போட்டவன் யார் என்பதைக் கடைசியில் அவன் விரலே சொல்லும்படி செய்தேன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

எங்கள் அலுவலகம் சிதம்பரத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது. ரசாயனத் தொழிற்சாலைகளில் வாயுக் கசிவு ஏற்பட்டால் சைரன் ஒலிக்கும் பெட்டிகளுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். பெட்டிகள் பெரும்பாலும் கடலூருக்கு இந்தப் பக்கம், குடிகாடு என்ற ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் மாட்டப்பட்டிருக்கின்றன. மென்பொருளில் திருத்தம் செய்தால் புதிய பதிப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துப்போய் பெட்டியில் செருகுவோம். வெளியாள் யாரும் எதையாவது மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக, எங்கள் கையொப்பம் உள்ள பதிப்பை மட்டுமே பெட்டி ஏற்கும். அந்தக் கையொப்பம் பேனாவால் போடுவது அல்ல. விரல் நீளமுள்ள ஒரு டோக்கனைக் கணினியில் செருகி, பாஸ்வேர்டு கொடுத்தால், அது கணக்குப் போட்டு எண்களாக எழுதித் தரும். டோக்கன் என் பெயரில் இருந்தது.

ஆடிட்டர் அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் பெயரும் பாஸ்வேர்டும். கையொப்பத்துக்கு உரியவர் அவர் வீட்டில் இருப்பார், கையொப்பம் இன்னொருவர் மேசையில் இருக்கும். அது தப்பு என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு ஏறினேன் என்பதைக்கூட டைரியில் எழுதுகிறவன் நான். அப்படிப்பட்ட நான் என் டோக்கனை அலுவலகத்தின் முன் மேசை இழுப்பறையில், பாஸ்வேர்டு எழுதிய வெள்ளைச் சீட்டை ஒட்டி, வைத்திருந்தேன்.

வைக்கச் சொன்னது அவன். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். அன்றிலிருந்தே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். இங்கே வேலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தவனும் நான்தான். ஆலைக்காரர்களிடம் பேசுவதும் பெட்டிகளைப் பராமரிப்பதும் அவன் பொறுப்பு.

"நீ லீவு போட்டா வேலை அப்பிடியே நிக்குது மச்சான். ஆலைக்காரன் என்னத்தான் போன்ல திட்றான். அத இங்கயே வெச்சிட்டுப் போ, நான் என்னா கொத்திக்கினா போயிடப் போறேன்?" என்றான். வைத்துவிட்டுப் போனேன்.

என் மனைவிக்குக் கண் அறுவை நடந்த செவ்வாய்க்கிழமை. நான் கடலூரில் மருத்துவமனையில் இருந்தேன். காலை ஏழு பத்து பேருந்து. எட்டு முப்பத்தைந்துக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குக் கட்டோடு வெளியே வந்தாள். எல்லாம் டைரியில் இருக்கிறது. அன்று பிற்பகல் ஓர் ஆலையிலிருந்து, சைரன் அடிக்கடி ஒலிக்கிறது, வேலை கெடுகிறது என்று அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சென்சார்களைக் கழற்றித் துடைத்திருந்தால் சரியாகியிருக்கும். அதற்கு அரை நாள் ஆகும். அவன் மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினான். காற்றில் வாயுவின் அளவு மீறினால் பத்து விநாடியில் ஒலிக்க வேண்டிய சைரன், மூன்று நிமிடம் தொடர்ந்து மீறினால்தான் ஒலிக்கும். இழுப்பறையைத் திறந்தான். என் டோக்கனைச் செருகினான்.

பதினெட்டு நாள் கழித்து அந்த ஆலையில் ஒரு குழாய் மூட்டு விட்டுவிட்டது. மூன்று நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் மறுநாளே எழுந்துவிட்டார். குடிகாட்டுக்காரரான மற்றவர் நாற்பது வயது ஒப்பந்தத் தொழிலாளி. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, மாதச் சம்பளம் என்று ஆலைக்கு வந்தவர். அவருக்கு மூச்சு பழையபடி திரும்பவில்லை.

விசாரணை எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் முடிந்தது. எங்கள் முதலாளி அறுபதை நெருங்கும் அம்மாள். மேடம் என்போம். அவர் கெட்டவர் இல்லை, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்புகிறவர். பெட்டியின் பதிவிலிருந்து அச்செடுத்த தாளை என் முன்னால் வைத்தார். கையொப்பம்: என் பெயர்.

"நான் அன்னிக்குக் கடலூர்ல இருந்தேன் மேடம். டைரி பாருங்க."

"டைரி நீங்களே எழுதுனதுதானே சார்? டோக்கன் கைல இருந்தா கடலூர்ல இருந்தே போட்டிருக்கலாமே. இது மெஷின் எழுதுனது."

என் கணினியில் அந்த மூன்று நிமிட மாற்றம் இல்லவே இல்லை என்று காட்டினேன். அழித்திருக்கலாமே என்றார். டோக்கன் இழுப்பறையில்தான் கிடந்தது, யாரும் எடுத்திருக்கலாம் என்றேன். "யாரும்னா யாரு?" என்று கேட்டுவிட்டு அவனைப் பார்த்தார். நானும் அவனைப் பார்த்தேன். அவன் சன்னல் வழியாகக் கீழே சைக்கிளுக்குக் காற்று அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிகவும் கரிசனமான குரலில் சொன்னான்:

"மச்சான் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான் மேடம். வூட்ல ஆப்பரேஷன், டென்ஷன். கை தவறியிருக்கும்."

அந்தக் கரிசனத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பழியை மட்டும் போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் எனக்காகக் கெஞ்சினான். என் பொறுப்பு அவனுக்குப் போனது. நான் சோதனைப் பிரிவுக்கு, கழிப்பறைக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிகாட்டில் இறங்கி அந்தத் தொழிலாளியின் வீட்டைக் கேட்டுப் போனேன். எதற்குப் போனேன் என்று டைரியில் எழுதவில்லை. அவர் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீங்கதான் கையெழுத்து போட்டவரா?"

"கையெழுத்து என்னுதும்மா. போட்டது நான் இல்ல."

"அது எப்பிடி சார்? எங்க வூட்டுக்காரரு கையெழுத்த அவருதான போடுறாரு. படிச்சவங்களுக்கு மட்டும் வேற ஆளு போடுவாங்களா?"

பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தேன். பதிலோடு மறுபடி அந்த வாசலுக்கு வருவது என்று பேருந்தில் முடிவு செய்தேன். என் வேலை போயிருந்தால் வேறு வேலை தேடியிருப்பேன். அந்த வாசலில் நான் யார் என்பது அப்படி மாற்றிக்கொள்ளக்கூடியதாக இல்லை.

காத்திருந்தது இரண்டு வருடம். ஆலைகளின் தலைமை அலுவலகங்கள், கையொப்ப முறையை ஒழுங்குபடுத்தாவிட்டால் உங்கள் பெட்டிகளைக் கழற்றிவிடுவோம் என்று கடிதம் எழுதின. மேடம் அந்த வேலையை அவனிடம் கொடுத்தார். அவன் இரண்டு நாள் படித்துப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"மச்சான், இதெல்லாம் ஒனக்குத்தான் வரும். நூறு பக்கம் ஒக்காந்து படிக்கிற பொறுமை ஒனக்குத்தான் ஜாஸ்தி. நீயே ஒரு டூல பாத்துச் சொல்லு, நான் மேடம்கிட்ட ஓகே வாங்கிடறேன்."

"சரி மச்சான்" என்றேன். அன்று மாலை புது நோட்டு ஒன்று வாங்கினேன். இடப் பக்கம் அலுவலகத்துக்கான காரணங்கள், வலப் பக்கம் எனக்கானவை.

ஆறு வாரம் ஒப்பிட்டேன். முதலில் ஜிபிஜி. பழைய கருவி, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதில் செய்யக்கூடியவை மிக அதிகம். அவ்வளவு வழிகள் இருந்தால் யாராவது தவறான வழியில் போவார்கள். இன்னொரு வகையில் சாவியையே, அதாவது கையொப்பமிடும் ரகசிய எண்ணையே, யாரும் வைத்திருக்க வேண்டாம், மின்னஞ்சலில் நுழைந்தால் போதும், கையொப்பம் இணையத்தில் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அந்தப் பதிவேடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் இணையம் கிடையாது, வைக்கவும் விடமாட்டார்கள். மூன்றாவதாக ஒரு சின்னக் கருவி. கையொப்பமிடுவது, சரிபார்ப்பது, இரண்டு வேலை மட்டும். தவறு செய்யவே இடமில்லை. எங்கள் பெட்டிகளின் குறைந்த நினைவகத்துக்கு அளந்து தைத்ததுபோல் இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். இடப் பக்கத்தில் அதற்குத்தான் மதிப்பெண் அதிகம். நான் எடுக்கவில்லை. அதில் சாவி ஒரு கோப்பாக, ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கும். நாளைக்கு அவன், யாரோ என் கோப்பை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். நான் சொல்லி, யாரும் நம்பாத அதே வார்த்தை. அவன் சொன்னால் நம்புவார்கள். அவனுக்கு அப்படி ஒரு முகம். அந்த வார்த்தையை அவனுக்கு விட்டுவைக்க நான் தயாராக இல்லை.

ஆகவே, தொலைவிலுள்ள கணினிகளுக்குள் நுழைய நாங்கள் தினமும் பயன்படுத்தும் எஸ்எஸ்எச்சைத் தேர்ந்தேன். அதைக் கொண்டும் கையொப்பமிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. விரல் ரேகை பார்க்கும் டோக்கனோடு அது வேலை செய்யும். சாவி டோக்கனை விட்டு வெளியே வராது. உரியவர் விரல் படாமல் டோக்கன் கையொப்பமிடாது. சீட்டில் எழுதி ஒட்ட எதுவும் இல்லை. விரலைக் கழற்றி இழுப்பறையில் வைக்க முடியாது.

இணையப் பதிவேடு முடியாதென்றால், எங்களுக்கென்று ஒன்றை நானே எழுதினேன். ஒவ்வொரு கையொப்பமும் ஒரு வரி. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணைத் தனக்குள் வைத்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னுள்ள எல்லாம் பொருந்தாமல் போய்விடும். அதன் நகல் ஒவ்வொரு ஆலையின் பெட்டியிலும் போய் உட்காரும்.

இந்த முறையை விளக்கி எழுதிய ஆவணத்தின் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு விதி எழுதினேன். இதுவரை வெளியே போன எல்லாப் பதிப்புகளும், திரும்பப் பெற்றவை உட்பட, புதிய பதிவேட்டில் ஏற வேண்டும். ஒருவர் தன் கணினியில் உள்ள மூலநிரலிலிருந்து அந்தப் பதிப்பை மறுபடி உருவாக்க வேண்டும். பழையதும் புதியதும் ஓர் எழுத்து பிசகாமல் பொருந்தினால் மட்டுமே கையொப்பமிடலாம். கையொப்பத்தோடு சேரும் வாசகம்: "இதன் மூலநிரல் என் கணினியில், என் பொறுப்பில் உள்ளது." நல்ல விதி. எந்த நிபுணரும் ஒப்புக்கொள்வார். இடப் பக்கத்தில் அதற்கு நான்கு காரணம் இருந்தது. வலப் பக்கத்தில் ஒரே வரி: அவன் எதையும் அழிப்பதில்லை.

விடுதியிலேயே அப்படித்தான். கிழிந்த செருப்பைக்கூடக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பான். அவன் மடிக்கணினியும் கட்டிலடி போலத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் திருத்திய கோப்பு அங்கே எங்கேயோ கிடக்கும் என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயம்.

ஆவணத்தை அவனுக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில், படித்துப் பார்த்தேன் என்ற ஒப்புதலோடு திரும்பி வந்தது. எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். படித்திருந்தால் தப்பித்திருப்பான். படிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

பழைய பதிப்புகள் இருபத்திரண்டு. பதினைந்தை நான் உருவாக்கிக் கையொப்பமிட்டேன். மீதி ஏழின் மூலநிரல் என் கணினியில் இல்லை, அவை அவன் வேலை. அந்த ஏழில் ஆறாவதாக அந்த மூன்று நிமிடப் பதிப்பை வைத்திருந்தேன். பட்டியலில் வெறும் எண்தான். பெயரோ தேதியோ இல்லை. ஆலைகள் கொடுத்த கெடு நாளன்று காலை பதினொன்றரைக்கு அவனுடைய டோக்கனை அவன் கையிலேயே கொடுத்தேன்.

"நானே வரணுமா? டோக்கன நீயே வெச்சி முடிச்சிடேன் மச்சான்."

"ஒன் விரல் வேணும்டா."

"இன்னாடா இது, பத்திரப்பதிவு ஆபீஸ்ல ரேகை உருட்டுற மாதிரி. எங்கப்பன் சொத்த எழுதி வாங்கப் போறியா?"

"ஒங்கப்பன் சொத்துல என்னா இருக்குது, ஒன்னோட அரியர் பேப்பருங்கதான்."

சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

அவன் மடிக்கணினியில் இதற்காக நான் எழுதிய நிரல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய கோப்புகளை அதுவே தேடும், உருவாக்கும், ஒப்பிடும், பொருந்தினால் விரல் கேட்கும். அவன் காதில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பண்ருட்டிப் பலாப்பழம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். டோக்கனில் விளக்கு மினுங்கும்போது விரலை வைத்தான். ஒன்று. இரண்டு. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். மூன்று. நான்கு. ஐந்தாவதற்கு விரலில் வியர்வை, இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது.

ஆறாவதற்கு நிரல் சற்று அதிக நேரம் தேடியது. கிடைக்காமல் போய்விடுமோ என்று திரையை நோக்கிக் குனிந்தேன். திரையில் ஒரு கோப்புறையின் பெயர் ஓடியது: பழசு, அதற்குள் பழசு, அதற்குள் இன்னொரு பழசு. பிறகு "பொருந்துகிறது" என்று வந்தது. கீழே வாசகம், அதற்குக் கீழே விரல் வைக்கவும்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. "சொளை பெருசா இருந்தாத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வைத்தான்.

மணி பதினொன்று நாற்பத்தொன்பது.

ஏழாவதும் முடிந்தது. டோக்கனை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் என் மேசைக்குப் போய்ப் பதிவேட்டை எல்லா ஆலைகளுக்கும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் கடைசிப் பெட்டியிலும் ஏறிவிட்டது என்று தகவல் வந்தது. அதன் பிறகுதான் தாளை அச்செடுத்து மேடம் அறைக்குப் போனேன். அவனையும் கூப்பிடச் சொன்னேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். மூன்று நிமிடம் என்று மாற்றிய மூலநிரல் அவன் மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது. பெட்டிக்குப் போனதோடு எழுத்து பிசகாமல் பொருந்துகிறது. அந்தக் கோப்பு திருத்தப்பட்ட நாள் என் மனைவியின் அறுவை நாள். எல்லாவற்றுக்கும் கீழே அவன் விரல்.

"இது மெஷின் எழுதுனது மேடம்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். இந்தத் தடவை அவன் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

"டோக்கன யாராவது..." என்று ஆரம்பித்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான்.

"மச்சான், என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா கை தவறியிருக்கும்னு சொல்லியிருப்ப."

மேடம் அவனை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அவர அனுப்பிடறேன். ஒங்க பொறுப்பு ஒங்களுக்கே. ஆனா ஆலைக்காரங்களுக்குத் தெரிஞ்சா கம்பெனி பேரு கெடும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட முடியுமா?"

"முடியாது மேடம். ஒண்ண எடுத்தா பின்னாடி இருக்கிறது எல்லாம் செல்லாமப் போயிடும், எந்தப் பெட்டியும் ஏத்துக்காது."

"நீங்க செஞ்சதுதானே? நீங்க நினைச்சாக்கூடவா?"

"நான் நினைச்சாலும் முடியாத மாதிரிதான் மேடம் செஞ்சேன்."

அவர் என்னை அதுவரை பார்க்காத மாதிரிப் பார்த்தார். பயம் என்றுதான் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

அவன் அன்று மாலையே மேசையைக் காலி செய்தான். படியில் இறங்கப் போகுமுன் என் மேசைப் பக்கம் வந்து நின்றான். ஏதாவது சொல்வான் என்று பேனாவை மூடினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். இப்போது சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சில சமயம் பார்க்கிறேன், கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறான். ஒதுங்கட்டும். முப்பது வருடப் பழக்கம் போய்விட்டதே என்று மனைவி வருத்தப்பட்டாள். எனக்கு அது வரவில்லை. வரும் என்று காத்தும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு குடிகாட்டில் இறங்கினேன். தாள் பையில் இருந்தது. அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முன்னைவிட இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேச வாயெடுத்து, இருமல் வந்து, கையால் உள்ளே காட்டினார். அவர் மனைவி வந்தாள்.

"போட்டவனக் கண்டுபிடிச்சிட்டேன்மா" என்று தாளை நீட்டினேன்.

அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பதிவேட்டில் ஒவ்வொரு பழைய பதிப்பும் அதன் பழைய கையொப்பத்தோடுதான் ஏறியது, அந்தப் பதிப்பின் கையொப்பமும் அப்படியே ஏறியிருந்தது. மேலே என் பெயர். அதற்கு நேர் கீழே அவன் பெயர்.

"இது யாரு பேரு?"

"அதும்மா... என்னுது. பழைய கையெழுத்து."

"இன்னும் இருக்குதே?"

"அழிக்க முடியாது. என் டோக்கன எடுத்துத்தான் அவன் போட்டான்."

"அவன் கைக்கு எப்பிடி சார் போச்சு?"

இழுப்பறையைச் சொன்னேன். சீட்டைச் சொன்னேன். பாஸ்வேர்டை நானே எழுதி ஒட்டியதையும் சொன்னேன். இரண்டு வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப ரெண்டு பேரும்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "அந்த மணி இப்ப ஒயுங்கா அடிக்குதா?" என்று கேட்டாள்.

"பத்து செகண்டுல அடிக்கும்."

அவர் நாற்காலியிலிருந்து தலையை ஆட்டினார்.

பன்னிரண்டு ஐந்துக்குச் சிதம்பரம் பேருந்து வந்தது. இடம் கிடைத்தது. அவனுக்குச் செய்ததை மறுபடி செய்யச் சொன்னால் இதே கருவியை எடுத்து, இதே பக்கத்தில் இதே விதியை எழுதுவேன். அவள் சொன்னதும் சரி. வீட்டுக்கு வந்து இரண்டையும் அன்றைய பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன்.